கதவை மறித்து உட்கார்ந்தவர்கள்

2003 ஜூலை 21. கானாவின் தலைநகர் அக்ராவில் லைபீரிய அமைதிப் பேச்சு தொடங்கி ஆறு வாரம் தாண்டியிருந்தது. பேச வந்த போர்க் குழுத் தலைவர்கள் ஹோட்டல் அறைகளில் தங்கிக்கொண்டு, அமையப்போகும் இடைக்கால அரசில் யாருக்கு எந்த இலாகா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குண்டு மழை. அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொந்தமான வளாகத்தில் உயிருக்குப் பயந்து ஒண்டியிருந்த மக்கள்மீதே குண்டுகள் விழுந்தன.

செய்தி அக்ராவுக்கு எட்டியபோது, மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தலைத்துணியும் அணிந்த லைபீரியப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாரக்கணக்காக அங்கேதான் இருந்தார்கள். அன்று எழுந்து உள்ளே போனார்கள். பேச்சு நடக்கும் அறைக்கு முன்னால், கையோடு கை கோத்துத் தரையில் அமர்ந்தார்கள். முடிவு வராமல் உள்ளே இருக்கும் யாரும் வெளியே வர முடியாது, மன்ரோவியாவில் எங்கள் சனம் தண்ணீரும் சோறும் இல்லாமல் தவிக்கிறதே, அதை இவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று மத்தியஸ்தருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்கள்.

காவலர்கள் கைது செய்ய வந்தார்கள். பெண்களின் தலைவி லேமா குபோவீ எழுந்து நின்று தன் தலைத்துணியை அவிழ்த்தார். அடுத்து இடுப்பில் சுற்றியிருந்த துணியில் கை வைத்தார். தாயான ஒருத்தி பொது இடத்தில் தானாகவே ஆடை களைந்தால் அதைப் பார்ப்பவர்களுக்குப் பெரும் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்க நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். மத்தியஸ்தரான நைஜீரிய முன்னாள் அதிபர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்தார். பெண்களைத் தாண்டிக் குதித்து வெளியேறப் பார்த்த ஒரு போர்க் குழுத் தலைவரை அதட்டி உள்ளே அனுப்பினார். பிரதிநிதிகள் எல்லா அமர்வுகளுக்கும் ஒழுங்காக வர வேண்டும், எங்களைக் கடந்து போகும்போது கேவலமாகப் பேசக் கூடாது, பேச்சு இனியும் இழுபடக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு உறுதி கிடைத்த பிறகுதான் பெண்கள் எழுந்தார்கள்.

ஆகஸ்ட் 11 அன்று அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஆகஸ்ட் 18 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1989 டிசம்பரில் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் மட்டும் ஓய்ந்து, சுமார் இரண்டரை லட்சம் உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்படும் போர் அத்துடன் ஓய்ந்தது. சர்வதேச நெருக்கடி, களத்தில் கிளர்ச்சிப் படைகளின் முன்னேற்றம், டெய்லர்மீது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் சுமத்திய குற்றச்சாட்டு எனப் பல காரணங்கள் சேர்ந்து அந்த முடிவைக் கொண்டுவந்தன. ஆனாலும் பேச்சை இழுத்தடித்துக்கொண்டிருந்தவர்களை உட்கார்ந்து பேசவைத்தது அந்தப் பெண்கள்தான் என்பதை மறுப்பது கடினம்.

இந்தக் காட்சியை உலகம் கொண்டாடுகிறது. ஆவணப்படமாக எடுத்தார்கள். லேமா குபோவீக்கு 2011-இல் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. அந்தப் புகழெல்லாம் தகும். அதற்கிடையே கேட்காமல் விடப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: போரில் அதிகம் இழந்தவர்களும், போரை நிறுத்த அதிகம் உழைத்தவர்களும் ஏன் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்? ஊரைக் கொளுத்தியவர்களுக்கு ஏன் உள்ளே நாற்காலி?

மீன் சந்தை மைதானம்

போர் தொடங்கியபோது லேமாவுக்கு 17 வயது. கல்லூரிக் கனவு கலைந்து, அகதியாகக் கானாவுக்குப் போய், குழந்தைகளோடு திரும்பி வந்து, லூத்தரன் திருச்சபையின் மனக்காய ஆற்றுப்படுத்தும் திட்டத்தில் சமூகப் பணியாளரானார். துப்பாக்கி தூக்கவைக்கப்பட்ட சிறுவர்களோடு பேசுவது அவருடைய வேலை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான், இந்த நாட்டில் எதையாவது மாற்ற முடியுமானால் அது தாய்மார்களால்தான் முடியும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

2002-இல் தேவாலயத்தில் கிறிஸ்தவப் பெண்கள் கூடிய கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தார். பெயர் அசாட்டு பா கென்னத். காவல்துறை அதிகாரி, முஸ்லிம். உங்கள் முயற்சியில் முஸ்லிம் பெண்களும் சேருவோம் என்றார். அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. முஸ்லிம்களோடு சேர்ந்து ஜெபிப்பதா என்று சில கிறிஸ்தவப் பெண்கள் தயங்கினார்கள். தோட்டாவுக்கு மதம் தெரியுமா என்ற கேள்வியை முன்வைத்து அந்தத் தயக்கத்தைக் கரைத்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று வாரம் தவறாமல் சுற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் வரைந்த துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தார்கள்.

2003 ஏப்ரலில் மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளை உடையில் உட்காரத் தொடங்கினார்கள். நகை கிடையாது, ஒப்பனை கிடையாது. அதிபரின் கார் அணிவகுப்பு தினமும் போகும் சாலை அது. வெயிலிலும் மழையிலும் நகரவில்லை. கடைசியில் ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. பேச்சுக்குப் போகச் சம்மதித்தார். அண்டை நாடான சியரா லியோனில் இருந்த கிளர்ச்சித் தலைவர்களிடமும் பெண்களின் தூதுக் குழு ஒன்று போய்ச் சம்மதம் வாங்கி வந்தது. இரு தரப்பையும் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் என்று இவர்களைச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

இந்தப் போராட்டத்தைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் விரும்பி எழுதியது வேறொரு செய்தியை. கணவன்மாரோடு படுக்கையைப் பகிர மாட்டோம் என்று அந்தப் பெண்கள் எடுத்த முடிவை. லேமாவே தன் சுயசரிதையில், நடைமுறையில் அதனால் பெரிய பலன் எதுவும் இல்லை, ஊடகங்களின் கவனத்தை இழுக்க மட்டும் உதவியது என்று எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் மண்ணில் உட்கார்ந்த உழைப்பும், மத எல்லையைத் தாண்டிய அமைப்புக் கட்டும் திறமையும் ஒரு சுவையான துணுக்குக்குள் அமுங்கிப்போனது வேதனை.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2003 டிசம்பரில் ஐ.நா. ஆயுதக் களைவைத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் துப்பாக்கியோடு வந்து குவிந்து, முகாம் கலவரமாகியது. அந்தப் பையன்களை அறிந்த பெண்கள்தான் போய் அமைதிப்படுத்தினார்கள். 2005 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலில் பெண்கள் பெயர் பதியாமல் இருந்தபோது சந்தைகளுக்குப் போனார்கள். கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளையையும் தூக்கி வைத்துக்கொள்கிறோம், நீ போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் தேர்தலில் வென்று நாட்டின் அதிபரான முதல் பெண் அவர்.

டர்பன் பேருந்து ஓட்டுநரின் மகள்

அறைக்குள் ஒரு பெண் இருந்தால் என்ன மாறும்? இதற்குப் பொதுவான பதில்களைவிட ருவாண்டா வழக்கு ஒன்று தெளிவாகப் பதில் சொல்கிறது.

1994-இல் ருவாண்டாவில் நூறு நாட்களுக்குள் எட்டு லட்சம் அளவுக்கு மக்கள் கொல்லப்பட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது என்பது ஐ.நா. மதிப்பீடு. குற்றவாளிகளை விசாரிக்கத் தான்சானியாவின் அரூஷாவில் சர்வதேசத் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் முதல் வழக்குகளில் ஒன்று, டாபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான்-போல் அகாயேசுமீது. 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது. பாலியல் வன்முறை என்ற சொல்லே இல்லை.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. அதில் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1967-இல், நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். அரூஷா தீர்ப்பாயத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி அவர்தான்.

சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், வேறு எதையோ விவரிக்கும்போது, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பின்னர் வந்த இன்னொரு சாட்சி, தனக்கும் மேயர் அலுவலக வளாகத்தில் மற்றப் பெண்களுக்கும் நடந்ததைச் சொன்னார். அந்த வாக்குமூலங்கள் பதிவேட்டில் ஒரு வரியாகப் புதைந்துபோயிருக்கலாம். நீதிபதிகள் விடவில்லை. மேலும் கேட்டார்கள். பெண்கள் அமைப்புகளும் தீர்ப்பாயத்துக்கு மனு அளித்தன. 1997 ஜூனில் அரசுத் தரப்பு குற்றப்பத்திரிகையைத் திருத்திப் பாலியல் வன்முறையைச் சேர்த்தது. அதன் பிறகு டாபாவின் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள்.

1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு நடத்தப்படும் பாலியல் வன்முறை, இனப்படுகொலைக் குற்றத்தின் ஒரு வடிவம் என்று உலக வரலாற்றில் முதன்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் அறிவித்தது. அதுவரை போரில் கொள்ளை எப்படியோ, அதுபோல இதையும் வெற்றி பெற்ற படையின் அத்துமீறல் என்றே உலகம் ஒதுக்கிவைத்திருந்தது.

அந்த இருக்கையில் நவநீதம் பிள்ளை இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும் என்று வாதாடலாம். ஆனால் குற்றப்பத்திரிகை எழுதிய காலம் முழுவதும் ஒரு நாடே அறிந்திருந்த கொடுமை தாளில் ஏறவில்லை. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே எது பதிவாகும் என்பது அமைகிறது. நீதிமன்றத்துக்கு உள்ள இந்த விதி அமைதிப் பேச்சுக்கும் உண்டு. ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டும் கூடினால் எல்லை, பதவி, படை என்று பேசி முடித்து எழுந்துவிடுவார்கள். காணாமல் போனவர்கள், வல்லுறவில் பிறந்த குழந்தைகள், விதவையின் பெயருக்கு மாறாத நிலப் பட்டா, கிணற்றுக்குப் போகும் பாதையில் புதைத்த கண்ணிவெடி ஆகியவற்றை எடுத்து மேசையில் வைக்க வேறு ஆள் வேண்டும்.

1325

இந்த அறிவு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு எட்ட, ஐ.நா. தோன்றியதிலிருந்து 55 ஆண்டுகள் ஆயின. 2000 மார்ச்சில் கவுன்சிலின் தலைமைப் பொறுப்பில் இருந்த வங்கதேசத்தின் அன்வருல் சவுத்ரி, அமைதியும் பெண்களின் சமத்துவமும் பிரிக்க முடியாதவை என்ற அறிக்கையை வெளியிடவைத்தார். மே மாதம் நமீபியாவின் விண்ட்ஹோக்கில் அதே கருத்தை வலியுறுத்தும் ஓர் ஆவணம் உருவானது. அக்டோபரில் நமீபியா தலைமை வகித்தபோது, 31-ஆம் தேதி, தீர்மானம் 1325 ஒருமனதாக நிறைவேறியது. வல்லரசுகள் முன்வராத இடத்தில், வங்கதேசமும் நமீபியாவும் வழிகாட்டின என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைக் கடக்கக் கூடாது. பெண்கள் அமைப்புகள் வரைவைத் தயாரிப்பதிலும் உறுப்பு நாடுகளை நச்சரிப்பதிலும் காட்டிய உழைப்பையும் சேர்த்துத்தான்.

மோதலைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் எல்லா மட்ட முடிவுகளிலும் பெண்கள் இடம்பெற வேண்டும், போரில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும், பாலியல் குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு தவிர்க்கப்பட வேண்டும் என்பவை 1325-இன் சாரம். அதைத் தொடர்ந்து 2019 வரை மேலும் ஒன்பது தீர்மானங்கள் வந்தன. பெண்களைச் சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதிலும் இல்லை.

தீர்மானம் வந்து 15 ஆண்டுகள் ஆனபோது, என்னதான் நடந்திருக்கிறது என்று ஆராயும் பொறுப்பை ஐ.நா. ராதிகா குமாரசுவாமியிடம் ஒப்படைத்தது. கொழும்புத் தமிழர். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளராகவும், பின்னர் போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாகவும் இருந்தவர். 2015-இல் வெளிவந்த அவரது ஆய்வு பல கசப்பான உண்மைகளைச் சொன்னது. ஐ.நா. மகளிர் அமைப்பு எடுத்த ஒரு கணக்கு: 1992 முதல் 2011 வரையிலான முக்கிய அமைதிப் பேச்சுகளில், பேசியவர்களில் பெண்கள் 9 சதவீதம். தலைமை மத்தியஸ்தர்களில் 2 சதவீதம்.

1989 முதல் 2011 வரையிலான 182 ஒப்பந்தங்களை அலசிய மற்றோர் ஆய்வு, பெண்கள் பங்கெடுத்து உருவான ஒப்பந்தம் 15 ஆண்டுகள் நிலைப்பதற்கான வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல் என்று கண்டது. இந்த எண்ணை ஐ.நா. மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். புள்ளியியல் தொடர்பை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்வதில் கவனம் தேவை. பெண்களுக்கு இடம் தரும் நாடுகளில் அமைதி நிலைப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். உண்மையில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தச் சதவீதம் தேவையே இல்லை. ஆண்கள் பேச்சு மேசையில் உட்காருவதற்கு, அவர்களால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை.

உள்ளே நுழைந்தவர்கள்

நுழைந்த இடங்களில் என்ன நடந்தது? வட அயர்லாந்தில் 1996-இல் அமைதிப் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்வு செய்தார்கள். முதல் பத்து இடங்களில் வரும் கட்சிகளுக்கு இடம் உறுதி என்பது விதி. மோனிகா மெக்வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் பெர்ல் சேகர் என்ற சமூகப் பணியாளரும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுமாக, மற்றப் பெண்களைத் திரட்டிச் சில வாரங்களில் ஒரு கட்சியைக் கட்டினார்கள். ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்கில் உள்ளே போனார்கள். தேர்வான பிரதிநிதிகளின் அவையில் அவர்கள் பேச எழுந்தபோது சில ஆண் உறுப்பினர்கள் மாடு மாதிரிக் கத்தினார்கள். இவர்கள் பேசுவதை நிறுத்தவில்லை. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோரின் உரிமை, இரு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, கலந்து வாழும் குடியிருப்பு ஆகியவை இடம்பெற்றதில் அந்தச் சிறு கட்சியின் கை உண்டு.

கொலம்பியாவில் 2012-இல் அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் பேசத் தொடங்கியபோது அரசின் முதன்மைப் பேச்சாளர்களில் பெண் இல்லை. அடுத்த ஆண்டு பொகோட்டாவில் பெண்கள் அமைப்புகள் பெரும் மாநாடு கூட்டி நெருக்கின. சில வாரங்களில் இரண்டு பெண்கள் அரசுக் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். 2014-இல், பேச்சு நடந்த ஹவானாவில், இரு தரப்பும் சேர்ந்த பாலினத் துணைக் குழு உருவானது. 2016 ஒப்பந்தம் பாலியல் குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு கிடையாது என்றது. அதே 2014-இல் பிலிப்பைன்ஸ் அரசின் சார்பில் மிரியம் கொரோனல்-ஃபெரர், மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கிளர்ச்சிப் படையோடான இறுதி அமைதி ஒப்பந்தத்தில் அரசின் தலைமைப் பேச்சாளராகக் கையொப்பமிட்ட முதல் பெண் அவர்.

சீருடையிலும் பெண்கள் நுழைந்தார்கள். 2007 ஜனவரியில் மன்ரோவியா விமான நிலையத்தில் வந்து இறங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பெண் காவலர்கள்தான், முழுக்கப் பெண்களால் ஆன ஐ.நா.வின் முதல் காவல் பிரிவு. சி.ஆர்.பி.எஃப்.பின் பெண்கள் பட்டாலியனிலிருந்து, கமாண்டன்ட் சீமா துண்டியாவின் தலைமையில் போனவர்கள். அதிபர் அலுவலகக் காவல், கலவரக் கட்டுப்பாடு, இரவு ரோந்து ஆகியவை அவர்கள் பணி. ஓய்வு நேரத்தில் லைபீரியச் சிறுமிகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஓர் அணியாக மாறி மாறி 2016 வரை இருந்தார்கள். லைபீரியப் பாதுகாப்புத் துறைகளில் பெண்களின் பங்கு அந்தக் காலத்தில் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்ததை, அவர்களுக்கு விடைகொடுத்தபோது ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி-மூன் குறிப்பிட்டார். 1993-இல் உலகெங்கும் ஐ.நா. அமைதிப் படையின் சீருடையாளர்களில் பெண்கள் ஒரு சதவீதம்தான் என்பதையும், காக்கப் போன இடங்களில் அமைதிப் படையினரே பெண்களைச் சுரண்டிய புகார்கள் லைபீரியா, காங்கோ உட்படப் பல நாடுகளில் எழுந்ததையும் நினைத்தால், இந்தப் பெண்களின் வருகை எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும்.

ஆனால் கதவு திறந்தால் திறந்தபடியே இருக்கும் என்று நம்ப முடியாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் தாலிபானும் தோஹாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பெண்களின் உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு நடந்த பேச்சில் ஆப்கன் அரசுக் குழுவில் நான்கு பெண்கள் இருந்தார்கள், தாலிபான் குழுவில் ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டு காபூல் வீழ்ந்தது. சிறுமிகளுக்கு உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. 2024 ஜூன் 30 அன்று தோஹாவில் தாலிபானோடு பேச ஐ.நா. கூட்டிய கூட்டத்தில் ஆப்கன் பெண்களுக்கு இடம் இல்லை. தாலிபான் பிரதிநிதிகள் போன பிறகு, ஆப்கன் குடிமைச் சமூகத்தினரை ஐ.நா. தனியாகச் சந்தித்தது. 1325-ஐ இயற்றிய அமைப்பே இப்படி வளைந்துகொடுத்ததை ஆப்கன் பெண்கள் துரோகம் என்றார்கள். அந்தச் சொல் கடுமையானது என்று சொல்லும் உரிமை வெளியே இருக்கும் யாருக்கும் இல்லை.

பாக்கு நீரிணையின் இரு பக்கம்

ஐ.நா.வுக்குப் பெண் காவலர்களை அனுப்பிய இந்தியா, 1325-ஐ நிறைவேற்றும் தேசியச் செயல் திட்டம் எதையும் வகுக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதைச் செய்துவிட்டன. நாகாலாந்தில் 1984-இல் தோன்றிய நாகா தாய்மார் சங்கம், 1994-இல் 'இனி ரத்தம் வேண்டாம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஆயுதக் குழுக்களின் முகாம்களுக்கே நடந்து போய்ப் பேசியது. 1997 போர்நிறுத்தத்துக்குப் பின்புலமாக நின்றது. ஆனால் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினர்கள் தேர்வானது 2023-இல்தான், மாநிலம் உருவாகி 60 ஆண்டுகள் கழித்து. அமைதிக்காக நடக்கப் பெண்கள் வேண்டும், ஆளுவதற்கு வேண்டாம் என்ற மனநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு கிடைக்காது.

இலங்கையில் ஒரு முயற்சி முளைவிட்டது. 2002-இல் நார்வேயின் அனுசரணையோடு அரசும் விடுதலைப் புலிகளும் பேசியபோது, பெண்கள் விவகாரங்களுக்கென ஓர் உபகுழு அமைக்க முடிவானது. தரப்புக்கு ஐந்து பெண்கள். அரசுத் தரப்புக்குப் பெண்ணிய வரலாற்றாய்வாளர் குமாரி ஜெயவர்தன தலைமை ஏற்றார். புலிகள் தரப்புக்கு மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அவர்கள் கூடினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் ஆகியவற்றைத் தங்கள் நிகழ்ச்சி நிரலாக எழுதிக்கொண்டார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். உபகுழுவும் அத்தோடு முடங்கியது. பிரதான அறையில் இடம் தராமல் பக்கத்து அறையில் தனியாக உட்காரவைக்கப்பட்டவர்களின் வேலை, பிரதான அறை பூட்டப்பட்டதும் தானாகவே நின்றுபோனது.

போர் 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் பல்லாயிரம். யாழ்ப்பாணத்தில் 1984-இலேயே, கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரி அன்னையர் முன்னணி தெருவுக்கு வந்தது. அந்த வழியில் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று அது பரவியது. உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அம்மாக்களும் மனைவிமாரும். கையில் லேமினேட் செய்த படம். ஆயிரக்கணக்கான நாட்கள் கடந்துவிட்டன. பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியாமலேயே இறந்துபோன பெற்றோர் பலர்.

அவர்கள் நிவாரணப் பணம் கேட்கவில்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிறார்கள். போரின் கடைசி நாட்களில் எங்கள் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுங்கள் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. 2017 ஜூனில் அவர்களைச் சந்தித்த அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதற்கு வாக்குறுதி கொடுத்தார். பட்டியல் வரவில்லை. காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2018-இல் இயங்கத் தொடங்கியது. அது தங்களுக்கு விடை தரும் என்ற நம்பிக்கை இல்லை என்று பல தாய்மார் வெளிப்படையாகச் சொல்லி அதைப் புறக்கணித்தார்கள். நவநீதம் பிள்ளை, ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக 2013 ஆகஸ்டில் வடக்குக்கு வந்தபோது, அவரைச் சூழ்ந்து நின்று படங்களை நீட்டியவர்களும் இவர்களைப் போன்றவர்களே.

இலங்கை அரசு 2023-இல் பெண்கள், அமைதி, பாதுகாப்பு குறித்த தேசியச் செயல் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. தெற்காசியாவில் நேபாளம் 2011-இலும் வங்கதேசம் 2019-இலும் செய்ததை இலங்கையும் செய்திருக்கிறது, வரவேற்கலாம். ஆனால் உண்மை கண்டறியும் பொறிமுறை, நிலம் விடுவிப்பு, பொறுப்புக்கூறல் பற்றி இனி கொழும்பில் எந்தக் குழு அமைந்தாலும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களுக்கு அதில் சாட்சிகளாக மட்டும் இடம் தந்தால் போதாது. யாரை விசாரிப்பது, எதைத் தோண்டுவது, எந்த ஆவணத்தைக் கேட்பது என்று முடிவெடுக்கும் உறுப்பினர்களாகவே அவர்களை நியமிக்க வேண்டும். 1325-இன் முதல் பிரிவு உறுப்பு நாடுகளிடம் கேட்பதும் அதைத்தான்.